தகன மேடையில் ஒரு பெண்

கேள்வி: எரிவாயு தகன மேடையில் வேலை பார்க்கிறேன். தெருவில் விசேஷம் என்றால் அழைப்பதில்லை. மனசும் உடம்பும் சோர்ந்துபோகிறது. என்ன செய்ய?
– வாசகி, மண்ணச்சநல்லூர்

பதில்: சகோதரி, சென்னை வேலங்காடு மயானத்தின் பொறுப்பை 2014-ல் ஏற்ற பிரவீணா சாலமனுக்கும் முதலில் ஏச்சும் மிரட்டலும்தான் கிடைத்தன. அவர் விலகவில்லை. பெண்கள் கால்வைக்கவே கூடாது என்று சொல்லப்பட்ட இடத்தைச் சுத்தமும் ஒழுங்குமாக மாற்றினார்.

அழைக்காதவர்களுக்காக உங்கள் வேலையை மறைக்காதீர்கள். பிள்ளையின் பள்ளிப் படிவத்தில் ‘கூலி’ என்று எழுதாமல், ‘தகன மேடைப் பணியாளர்’ என்றே எழுதுங்கள். அழுது ஓய்ந்த குடும்பத்திடம் சாம்பலைப் பக்குவமாக எடுத்துக் கொடுப்பவர் நீங்கள். அந்த நிதானம் எல்லாருக்கும் வராது.

உடம்பையும் பாருங்கள். கையுறை, முகக்கவசம் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? முதல் ஊசிக்குப் பின் ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வேலை முடிந்ததும் குளித்து, துணியைத் தனியாகத் துவையுங்கள். தீட்டுக்காக அல்ல, சுகாதாரத்துக்காக.

சின்னக் குழந்தையின் உடல் வந்த நாளில் தூக்கம் வராது. அதை உள்ளேயே அடக்காதீர்கள். 14416 என்ற தொலைபேசி எண்ணில் ‘டெலி மானஸ்’ மனநல ஆலோசகரிடம் கட்டணமின்றி, தமிழிலேயே, எந்நேரமும் பேசலாம்.