உழையில் இடறிய இரு கருவிகள்

பிரெஞ்சு ஹார்ன் என்னும் மேனாட்டுக் கருவி பித்தளையாற் செய்த சுருண்ட கொம்பு. நம் நாகசுரமோ நிமிர்ந்த மரக்குழல். வடிவிலும் பொருளிலும் உறவில்லாத இவ்விரண்டும் ஒரே சுரத்தில் இடறின என்பது யாம் அண்மையில் அறிந்து வியந்த செய்தி. அச்சுரம் பழந்தமிழர் உழை என்றழைத்த மத்திமமாகும். திருவேற்காட்டுக் கோயிலில் நாகசுரத்தையும், பூவிருந்தவல்லிச் சாலையிற் செல்லும் திருமண ஊர்வலத்தில் பாண்டு வாத்தியத்தையும் ஒரே நாளிற் கேட்கும் நம்மனோர்க்கு இவ்வொப்புமை சுவை தருவதாகும்.

பழைய ஹார்னுக்குத் துளையும் இல்லை, வால்வும் இல்லை. ஊதுவோன் இதழை இறுக்கியும் தளர்த்தியும் அக்குழலின் இயற்கைச் சுரவரிசையையே பெறுதல் வேண்டும். அவ்வரிசையில் பதினோராவது சுரம் மத்திமம் இருக்கவேண்டிய இடத்தில் வந்து நிற்கும். ஆயினும் சுத்த மத்திமமாகவும் நில்லாது, பிரதி மத்திமமாகவும் நில்லாது. ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் எனப் பகுப்பின் சுத்த மத்திமம் 498-இல் உளது. பதினோராஞ் சுரம் 551-இல் உளது. செவியுடையார் எவர்க்கும் அஃது அபசுரமே. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில், திரெஸ்டன் நகரத்து ஹாம்பெல் என்பார் கொம்பின் அகன்ற வாயினுள் வலக்கையை நுழைத்துச் சுரத்தைத் திருத்தும் முறையை ஒழுங்குபடுத்தினார். குறை கருவியினது, அதனைச் சுமந்தது கை. பின்னர் 1818-இல் ஸ்டோல்செல், புளூமெல் என்னும் இருவர் பெர்லினில் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். வால்வாவது காற்றினை ஒரு துணைக்குழாயின் வழியே திருப்பிக் குழலின் நீளத்தை நொடியில் மாற்றுவது. 1897-ஆம் ஆண்டளவில் குருஸ்பே என்பார், ஏறத்தாழ 12 அடி நீளமுள்ள எஃப் குழலையும் 9 அடி நீளமுள்ள பி-பிளாட் குழலையும் ஒரே கருவியில் இணைத்தார். இத்தனைக்குப் பின்னும் வலக்கை கொம்பின் வாயை விட்டு அகலவில்லை. பண்டைத் துன்பத்தின் எச்சமே இன்று ஹார்னின் குழைந்த ஒலிக்குக் காரணமாய் நிற்கின்றது.

இனி நாகசுரம். முன்னாளிற் பெருவழக்காயிருந்த திமிரி குறுகியது; சுருதி மிக உயர்ந்தது. அதில் சுத்த மத்திமம் விரல்வழி நேரே பிறவாது. சீவாளியை இதழால் அழுத்தியும் மூச்சை அடக்கியும் வித்துவான் அதனைப் படைத்துக்கொள்ளல் வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தாழ்ந்த சுருதியில் இராகத்தை வாய்ப்பாட்டுப்போல் விரித்தூத விழைந்தார். மத்திமத்தைக் கெஞ்சிப் பெறுவது அவர் உள்ளத்துக்கு ஒவ்வவில்லை. அவர் வேண்டுகோட்கிணங்கக் கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் பன்முறை முயன்று, சுத்த மத்திமம் பிறழாது ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரத்தை ஆக்கினார். ஈதொரு சிறு செயலென எண்ணற்க. குழலை நீட்டுவதாற் சுருதி தாழுமேயன்றிச் சுரங்களின் இடைவெளி திருந்தாது. துளைகளின் இடமும் அளவும் உட்குடைவும் ஒன்றையொன்று அனுசரித்து மாறுதல் வேண்டும். ஒரு துளையைத் திருத்த மற்றொன்று கெடும். அக்கைவினைக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளையவர்கள் புகழ் பேசுவோர் பலர், ஆசாரியார் பெயரை விட்டுவிடுகின்றனர். இது நமக்கு உடன்பாடன்று.

நரசிங்கம்பேட்டையார் பழைய வீடுகளிற் பயன்பட்டு நன்கு ஆறிய ஆச்சா மரத்தை நாடுவர். சிலப்பதிகார அரங்கேற்றுகாதை உரையில் அடியார்க்குநல்லாரும், வங்கியத்துக்குரிய மரத்தை வெட்டி நிழலில் ஆறவிட்டு, திருகாமையும் பிளவாமையும் கண்டு, ஓராண்டு கழிந்த பின்னரே குழல் செய்க என்கிறார். மரத்துக்கு முதுமை நலஞ் செய்யும். பித்தளைக்கு அப்பேறில்லை. வாயின் ஈரம் பட்டுப்பட்டு அதிலுள்ள துத்தநாகம் கரைந்துபோக, செம்புநிறப் புள்ளிகள் தோன்றும். முதலிற் கெடுவது ஊதுவாயை அடுத்த குழாயே.

ஆவடிப் பக்கத்துத் திருச்சபை ஒன்றின் வாத்தியக் குழுவில் அத்தகைய முதிய ஹார்ன் ஒன்றுண்டு. மூச்சு வாங்கியும் ஒலி எழவில்லை என்று அதை ஊதும் இளைஞரையே எல்லாரும் குறை கூறினர். கருவியை நிறைக்கு விற்கவும் எண்ணினர். யாம் இருவர் சென்று பார்த்தோம். வால்வை அழுத்தாமலே அதன் துணைக்குழாயை உருவினால் 'டப்' என்னும் ஓசை எழவேண்டும். எழுமாயின் வால்வு காற்றைக் காக்கிறது என்பது பொருள். முதல் இரு வால்வுகளில் அவ்வோசை எழுந்தது, மூன்றாவதில் எழவில்லை. ஊதுவாயோ பிறிதொரு கருவிக்குரியது. குழாயினுள் உரிய அளவு இறங்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வால்வு திரும்பி நிற்கும் இடத்திலுள்ள தக்கை தேய்ந்தமையால் காற்றுவழி பாதி மறைந்திருந்தது. வெதுவெதுப்பான நீரில் உட்புறத்தைக் கழுவி, தக்கையை மாற்றி, பொருந்தும் ஊதுவாய் ஒன்றை இட்டபோதே அவ்விளைஞரின் மூச்சு போதுமானதாயிற்று. இவற்றை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் ஊதிப் பார்த்தலே தகும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது. எஞ்சிய மூன்றாம் வால்வுக்கு முலாம் பூசி மீண்டும் பொருத்துதல் வேண்டும். அது பயின்ற கைவினைஞன் வேலை. வீட்டில் அரத்தால் தேய்ப்பது கருவியைக் கொல்வதாகும். அச்செலவுக்குத் திருச்சபையார் இப்போது பணம் திரட்டி வருகின்றனர். மூன்றாம் வால்வு வேண்டாத பாட்டுக்களை மட்டும் அவ்விளைஞர் ஞாயிறுதோறும் ஊதுகிறார்.