பில் ஃபார்முலாவுக்கு ஒரு பரீட்சை: மியூட்டேஷன் டெஸ்டிங்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் எக்ஸெல்லில் பில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் காலணிக்கான ஜி.எஸ்.டி. மாறியது. ஜோடி 2500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். (அதற்கு முன்பு எல்லை 1000 ரூபாய், வரி 12, 18.) அவருடைய ஃபார்முலாவை நீங்கள் மாற்றித் தருகிறீர்கள். அது சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஏ2 செல்லில் விலையை டைப் செய்யுங்கள். பி2 செல்லில் இஃப் ஃபங்ஷனைக் கொண்டு, ஏ2 <= 2500 என்றால் 5 சதவீதமும் இல்லாவிட்டால் 18 சதவீதமும் வருமாறு ஃபார்முலா கொடுங்கள். விலை 1000 என்றால் வரி 50 வரும். 4000 என்றால் 720. இரண்டும் சரி. இத்துடன் சேவ் செய்துவிடத் தோன்றும்.

பொறுங்கள். ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து, அதில் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள். <= குறியில் உள்ள = அடையாளத்தை மட்டும் அழித்துவிட்டு மீண்டும் 1000, 4000 கொடுங்கள். அதே 50, அதே 720! ஃபார்முலா கெட்டுவிட்டது, நம் சோதனைக்கு அது தெரியவில்லை. இப்பொழுது 2500 கொடுங்கள். 125 வர வேண்டிய இடத்தில் 450 வரும். ஒரு ஜோடிக்கு 325 ரூபாய் வாடிக்கையாளர் தலையில்!

இதுதான் மியூட்டேஷன் டெஸ்டிங். கெடுக்கப்பட்ட காப்பிக்கு மியூட்டன்ட் என்று பெயர். சோதனையில் மாட்டிக்கொண்டால் அது செத்தது, மாட்டாவிட்டால் பிழைத்தது. (பிழைத்ததற்குள்ளேயே பிழை இருப்பது தமிழுக்குக் கிடைத்த வசதி.) ரிச்சர்ட் லிப்டன் மாணவராக இருந்தபோது 1971-இல் சொன்ன யோசனை இது. டிமில்லோ, சேவர்ட் ஆகியோருடன் சேர்ந்து 1978-இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்.

ஜாவா போன்ற ஆப்ஜெக்ட் ஓரியன்டட் மொழிகளில் தவறு வேறு இடத்திலும் ஒளிந்துகொள்ளும். 'பொருள்' என்ற கிளாஸில் வரி 18 சதவீதம். 'தோல்பை' அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். 'காலணி' கிளாஸோ தனக்கென வரி கணக்கிடும் மெத்தட் ஒன்றை எழுதிக்கொள்ளும். அந்த மெத்தடை அழித்தால், புரோகிராம் எந்த எரரும் காட்டாமல் தாய் கிளாஸின் 18 சதவீதத்தைப் போட்டுவிடும். 4000 ரூபாய் ஷூவை மட்டும் வைத்துச் சோதித்தால் அப்பொழுதும் 720தான். 1000 ரூபாய் செருப்பு வந்தால்தான் 50-க்குப் பதில் 180 என்று குட்டு வெளிப்படும். இப்படிப்பட்ட கிளாஸ் மாற்றங்களைத் தானே செய்துபார்க்கும் மியூஜாவா என்ற கருவியைப் பற்றி மா, ஆஃபட், க்வான் மூவரும் 2005-இல் எழுதினார்கள்.

சில மியூட்டன்ட்கள் சாகவே சாகா. <= 2500 என்பதை < 2501 என்று மாற்றுங்கள். விலை முழு ரூபாயில் இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். ஆனால் 2778 ரூபாய் ஷூவுக்கு 10 சதவீதத் தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள். விலை 2500 ரூபாய் 20 பைசா. அசல் ஃபார்முலா 450 ரூபாய் என்கிறது, காப்பி 125 என்கிறது.