ஜப்பானில் ஆசிரியர் வேலையா?

டோக்கியோ, ஒசாகா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் வசிப்பு அட்டையை அங்கேயே தந்துவிடுவார்கள். வீட்டில் குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சிக்குப் போய் முகவரியைப் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, கைப்பேசி இணைப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் எளிதாகும்.

வீட்டுக்கு முன்பணத்தோடு ‘ரெய்கின்’ என்றொரு தொகையும் பல இடங்களில் கேட்பார்கள். அது திரும்பி வராது. முதல் சம்பளம் வரும்வரை சமாளிக்கக் கையில் பணம் வேண்டும். குடியிருப்பு வரி முந்தைய ஆண்டு வருமானத்தைப் பொறுத்தது என்பதால், பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு ஜூனில்தான் பிடிக்கத் தொடங்குவார்கள். சம்பளம் குறைந்துவிட்டதே என்று அப்போது பதறாமலிருக்க, முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.

பள்ளி வாசலில் செருப்பு, ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே அணியவென்றே தனி ஷூ போடவேண்டும். பெரிய பாதம் என்றால் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவைப் பிள்ளைகளே பரிமாறுவார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். பாடத்தில் பேசாத பிள்ளையும் அங்கே பேசும். சைவம் சாப்பிடுபவர்கள் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் போதாது. சூப், குழம்பு பலவற்றுக்கும் அடிப்படையான ‘தாஷி’ பெரும்பாலும் மீனில் எடுத்த சாறு. முதல் வாரமே தெளிவாகச் சொல்லி, டிபன் பாக்ஸ் கொண்டுவர அனுமதி கேளுங்கள்.

மிக்ஸியைச் சுமந்து போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மோட்டார் சரியாகச் சுற்றாது.

அவசரத்துக்கு: ஆம்புலன்ஸ் 119, காவல் 110.