ஹாட் டோடியும் தோட்டத்துக் கள்ளும்

கேமரன் மலையின் தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் ஏறியதும் ‘ஹாட் டோடி’ பற்றிய பேச்சும் வந்துவிடும். விஸ்கி, சுடுநீர், தேன், எலுமிச்சைச் சாறு, பட்டை, கிராம்பு சேர்ந்த பானம் அது. அதையும் அதன் பெயருக்கு மூலமான கள்ளையும் சுற்றி நான்கு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

நம்பிக்கை 1: டப்ளினில் பிறந்த மருத்துவர் ராபர்ட் பென்ட்லி டாட் நோயாளிகளுக்குக் கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது.

உண்மை: டாட் பிறந்தது 1809இல். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1786இல் வெளியிட்ட தொகுப்பிலேயே டோடி இருக்கிறது. வடஇந்தியாவில் பனங்கள்ளுக்கு வழங்கும் ‘தாடி’ என்ற பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் டோடி ஆனது.

நம்பிக்கை 2: ஹாட் டோடியில் கள் சேர்கிறது.

உண்மை: ஒரு துளியும் சேர்வதில்லை. மலாயாத் தோட்டங்களில் டோடி என்றால் பெரும்பாலும் தென்னங்கள். தென்னை தாழ்நிலத்து மரம். தேயிலை தழைக்கும் இந்தக் குளிரில் அது செழிக்காது.

நம்பிக்கை 3: உடம்பைச் சூடாக்கும், சளியைப் போக்கும்.

உண்மை: மது தோலை ஒட்டிய இரத்தக் குழாய்களை விரிக்கிறது. தோலில் சூடு தெரியும். அந்த வழியாகவே உடம்பின் வெப்பம் வெளியேறிவிடும். சளிக்குச் சுகம் தருவது பானத்தின் சூடு. மது இல்லாத சூடான பழரசமே இருமலையும் மூக்கொழுகலையும் தணித்ததாக 2008இல் வெளியான கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய ‘போ’ (BOH) தோட்டத்தின் தேயிலை இங்கேயே கிடைக்கிறது. இஞ்சி தட்டிப் போட்டுச் சூடாகக் குடியுங்கள்.

நம்பிக்கை 4: கள்ளுக்கடை, தோட்டத்துத் தமிழர்கள் விரும்பிக் கேட்டு வாங்கியது.

உண்மை: பிரிட்டிஷ் ஆட்சியின் அனுமதியோடு பல தோட்டங்களுக்குள்ளேயே கள்ளுக்கடைகள் நடந்தன. உழைத்த கூலியில் ஒரு பங்கு அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலியை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை ஒழி என்று ஒரே மூச்சில் கேட்டார்கள். அரசு படையை இறக்கி அடக்கியது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அவர்களுக்குக் கூலியும் மானமும் கள்ளுக்கடை ஒழிப்பும் ஒரே போராட்டம். தோட்டத் தமிழன் என்றாலே குடிகாரன் என்று யாராவது சொன்னால், 1941இன் இந்தக் கோரிக்கையை அவரிடம் சொல்லுங்கள். நம் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.