மகள் பேய்க்கதை படிக்கிறாள், பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பாடம் அனுப்புகிறார்கள் என்று வாங்கிக்கொடுத்த செல்போனில் ஆறேழு மாதமாகப் பேய்க்கதைகளாகவே படிக்கிறாள், யூடியூபிலும் கேட்கிறாள். ராத்திரி போர்வைக்குள் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்பதையும் பார்த்துவிட்டேன். போன வாரம் அவளுடைய கணக்கு நோட்டைப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கோட்டு போட்ட நெட்டையான உருவம். முகமே இல்லை. கேட்டதற்கு, "இதுதாம்மா ஸ்லெண்டர்மேன்" என்று சிரித்தாள். என் நாத்தனார் மகன் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்து, அமெரிக்காவில் இரண்டு சிறுமிகள் இந்த உருவத்துக்காகத் தோழியையே கத்தியால் குத்திய செய்தியைக் காட்டினான். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வீட்டில் நாலு வயதில் ஒரு மகன் இருக்கிறான். அவனை இவளோடு தனியாக விட்டுவிட்டுக் கடைக்குப் போகக்கூட மனசு வரவில்லை. போனைப் பிடுங்கி உடைத்துவிடலாம் என்கிறார் கணவர். "நாமெல்லாம் கேட்காத பேய்க்கதையா?" என்கிறார் மாமியார். ஒரு கதை பிள்ளையைக் கொலைகாரி ஆக்கிவிடுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, கதை மட்டும் எந்தப் பிள்ளையையும் கொலைகாரி ஆக்குவதில்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள். ஆனால், உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் அந்தச் சம்பவம் உண்மையாகவே நடந்தது. அதை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதால்தான் பயம் இவ்வளவு பெரிதாகிறது. என்ன நடந்தது என்று விவரமாகவே சொல்கிறேன். குற்றம் செய்தபோது சிறுமிகளாக இருந்தவர்கள் என்பதால் அவர்கள் பெயரை எழுதவில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாகஷா என்ற ஊர். மூன்று தோழிகள், மூவருக்கும் 12 வயது. அதில் ஒருத்தியின் பிறந்தநாளுக்கு மற்ற இருவரும் அவள் வீட்டிலேயே தங்கினார்கள். மறுநாள், 2014 மே 31 காலையில், பக்கத்துப் பூங்காவுக்கு விளையாடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அங்கே மரங்கள் அடர்ந்த இடத்தில் ஒரு சிறுமியை 19 முறை கத்தியால் குத்திவிட்டு மற்ற இருவரும் நடையைக் கட்டினார்கள். குத்துப்பட்டவள் தவழ்ந்தே வெளியே வந்து பாதையோரம் கிடந்தாள். சைக்கிளில் வந்த ஒருவர் பார்த்ததால் உயிர் பிழைத்தாள்.

குத்தியவர்கள் வடக்கே வெகு தொலைவில் இருக்கும் நிக்கோலே காட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். ஸ்லெண்டர்மேனின் மாளிகை அந்தக் காட்டுக்குள் இருப்பதாக நம்பினார்கள். சில மணி நேரத்தில் நெடுஞ்சாலை அருகே போலீஸ் பிடித்தபோது கத்தி பைக்குள் இருந்தது. அவனுக்குச் சேவகர்களாக வேண்டும், அதற்கு ஒரு உயிரைக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் நம் குடும்பத்தை அவன் விடமாட்டான் என்று போலீசாரிடம் சொன்னார்கள்.

செய்தியாகப் பரவுவது இவ்வளவுதான். மனநல மருத்துவனாக நான் கவனிப்பது இதற்குப் பிறகு வெளிவந்ததை. கத்தியைப் பிடித்த சிறுமிக்கு மனச்சிதைவு நோய் இருந்தது. 13 வயதுக்கு முன்பு இந்த நோய் வருவது மிக மிக அரிது. அவளுடைய தந்தைக்கும் இதே நோய் உண்டு. மிகச் சின்ன வயதிலிருந்தே மற்றவர் கண்ணுக்குத் தெரியாத உருவங்களோடு அவள் பழகிவந்தாள் என்று பரிசோதித்த மருத்துவர்கள் சொன்னார்கள். அதை யாரும் நோயாகப் பார்க்கவில்லை. ஸ்லெண்டர்மேன் அவளுக்குத் திரையில் மட்டும் இருக்கும் ஆள் இல்லை, அவளோடு பேசுகிற ஆள். கைதான பிறகும் முறையான மருந்து கிடைக்காமல் ஓராண்டுக்கு மேல் போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமும் கோபமும் வருகிறது.

இன்னொரு சிறுமிக்கு மனச்சிதைவு நோய் இல்லை. அவள் தனிமையில் இருந்தவள். ஒருவருடைய பொய்நம்பிக்கை, நெருங்கிப் பழகும் இன்னொருவரையும் தொற்றிக்கொள்வதை நாங்கள் மருத்துவத்தில் பார்த்திருக்கிறோம். இருவரும் நாள் முழுக்க ஒருவரோடு ஒருவர் மட்டுமே பேசிக்கொண்டு, வெளியே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால், அந்த நம்பிக்கையை மறுத்துச் சொல்ல ஆளே இருக்காது. இவர்கள் மாதக்கணக்கில் திட்டம் போட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் ஒருவர் காதிலும் அது விழவில்லை.

விஸ்கான்சின் சட்டப்படி, கொலை முயற்சி போன்ற குற்றத்தில் 10 வயது நிரம்பிய பிள்ளையையே பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தலாம். நிறுத்தினார்கள். கடைசியில் இருவருமே மனநோயின் பிடியில் இருந்தவர்கள் என்று ஏற்றுக்கொண்டு, ஒருத்தியை 25 ஆண்டு, கத்தியைப் பிடித்தவளை 40 ஆண்டு மனநலக் காவலில் வைக்கச் சொன்னது நீதிமன்றம். முதலாமவள் 2021இல் நிபந்தனைகளோடு வெளியே வந்தாள். இரண்டாமவளுக்கு 2025இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பரில் கண்காணிப்புக் கருவியைக் கழற்றிவிட்டு, தங்கவைத்திருந்த விடுதியிலிருந்து வெளியேறி, பக்கத்து மாநிலத்தில் பிடிபட்டாள். நம் நாட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்தக் குற்றத்துக்கும் பெரியவர்களைப் போல விசாரிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. அது சரி என்பதே என் கருத்து.

அப்படியானால் இணையத்துக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. உங்கள் மாமியார் சொல்வதில் பாதிதான் நியாயம். திண்ணையில் பாட்டி சொன்ன கதையில் சொல்கிறவள் யார் என்று பிள்ளைக்குத் தெரியும். பயந்தால் பாட்டியின் மடியிலேயே முகம் புதைத்துக்கொள்ளலாம். பாதியில் "போதும் பாட்டி" என்று நிறுத்தலாம். இணையத் திகில் கதைகளில் பலவற்றுக்கு எழுதியவர் பெயரே இருக்காது. "எனக்கே நடந்தது" என்று சாட்சி சொல்வது போல எழுதுவார்கள். நடந்த தேதி இருக்கும், புகைப்படம் இருக்கும், காணாமல்போனவர் பட்டியல்கூட இருக்கும். கதை என்று காட்டும் அடையாளங்களையெல்லாம் வேண்டுமென்றே அழித்துவிட்டு எழுதுவதுதான் அதன் உத்தி. பெரியவர்களுக்கு அது விளையாட்டு என்று தெரியும். 12 வயதுப் பிள்ளைக்கு, அதுவும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள், தெரியாமல் போகலாம்.

ஸ்லெண்டர்மேனையே எடுத்துக்கொள்ளுங்கள். எரிக் நட்சன் என்ற அமெரிக்கர் 2009 ஜூன் மாதம் உருவாக்கியது அது. சாதாரணப் படங்களைப் பேய்ப்படம் போலக் கணினியில் மாற்றிக்காட்டும் ஒரு போட்டி இணையதளம் ஒன்றில் நடந்தது. அதற்காக இரண்டு கறுப்பு வெள்ளைப் படங்களைத் தயாரித்தார். பிள்ளைகள் கூடியிருக்க, பின்னால் மங்கலாக ஒரு நெட்டை உருவம். 1980களில் எடுத்தது என்றும், எடுத்தவரே காணாமல் போய்விட்டார் என்றும் கீழே குறிப்பு எழுதினார். அந்தக் குறிப்புதான் பல பேரைப் பிடித்துக்கொண்டது. பிறகு ஆளாளுக்குக் கதை சேர்த்தார்கள், விளையாட்டுகள் வந்தன, 2018இல் சினிமாவும் வந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகள் இதைப் பார்த்திருக்கிறார்கள், வரைந்திருக்கிறார்கள். வாகஷா சிறுமியின் அறையிலும் இந்த உருவத்தை வரைந்த தாள்கள் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் அதே படத்தை வரைந்த மற்ற பிள்ளைகளெல்லாம் பரீட்சை எழுதிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். படத்தை வைத்து உங்கள் மகளை எடைபோடாதீர்கள்.

இந்தப் பயம் செல்போனோடு வந்ததும் இல்லை. 1954 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், கார்பல்ஸ் என்ற பகுதியில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் கையில் கம்பும் கத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்தார்கள். இரும்புப் பல் வைத்த ஏழடி உயர ரத்தக்காட்டேரி இரண்டு சிறுவர்களைத் தின்றுவிட்டது, அதைக் கொல்லப் போகிறோம் என்றார்கள். அந்த ஊரில் எந்தச் சிறுவனும் காணாமல் போகவில்லை. அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகங்கள்தான் காரணம் என்று பெரியவர்கள் கொதித்தார்கள், அடுத்த ஆண்டே பிரிட்டன் தடைச் சட்டம் போட்டது. இரும்புப் பல் கொண்ட மிருகமோ பைபிளில் தானியேல் ஆகமத்திலேயே இருக்கிறது. நம் ஊரில் 2017இல், புளூவேல் என்ற இணைய விளையாட்டு பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்ற பீதி வந்ததே, நினைவிருக்கிறதா? மதுரை உயர் நீதிமன்றக் கிளைகூட தானாக முன்வந்து அதை விசாரித்தது. அந்த விளையாட்டால் நேர்ந்தவை என்று சொல்லப்பட்ட மரணங்களை ஆராய்ந்த மத்திய அரசின் குழுவால், அந்த விளையாட்டுதான் காரணம் என்று எதிலும் நிறுவ முடியவில்லை. அந்தக் குடும்பங்களின் துயரம் நிஜம். ஆனால் எல்லோரும் விளையாட்டையே தேடிக்கொண்டிருந்ததால், அந்தப் பிள்ளைகள் மனதை அழுத்தியது எது என்ற கேள்வி ஓரத்துக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். போனை உடைக்க வேண்டாம் என்று உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். உடைத்தால் கதை நிற்காது, தோழியின் போனில் தொடரும். நின்றுபோவது உங்களிடம் சொல்கிற வழக்கம்தான். நீங்கள் கேட்டதும் உங்கள் மகள் சிரித்துக்கொண்டே பெயர் சொன்னாள் பாருங்கள், அதை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்கிறேன். மறைக்கவில்லை, மிரளவில்லை, கதை என்று தெரிந்திருக்கிறது. அந்த வாசலை மூடிவிடாதீர்கள்.

ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் கூடத்தில் ஒரே இடத்தில் இருக்கட்டும், அப்பாவுடையதும்தான். தூக்கம் கெட்ட பிள்ளைக்குப் பயம் இரண்டு பங்காகும். பகலில், அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதே, "அந்தக் கதை என்னடி, எனக்கும் சொல்லேன்" என்று கேளுங்கள். குறுக்கே புத்திமதி சொல்லாமல் முழுசாகக் கேளுங்கள். பிறகு, இதை யார் எழுதினார், எந்த ஆண்டு, படத்தை எப்படி ஒட்டினார் என்று இருவரும் சேர்ந்தே தேடுங்கள். முதலில் போட்ட படத்தை அவளே கண்டுபிடிக்கட்டும். எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் அங்கேயே போய்விடும். இன்னும் ஆசையாக இருந்தால், நீயே ஒரு பேய்க்கதை எழுது, கீழே உன் பெயரைப் போடு என்று சொல்லுங்கள்.

சில கேள்விகளை நேராகவே கேட்கலாம். அவன் நிஜமாகவே இருக்கிறான் என்று நினைக்கிறாயா? உன்னோடு பேசுகிறானா? எதையாவது செய்யச் சொல்கிறானா? யாரிடமும் சொல்லக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்று தயங்காதீர்கள், புகாது. இவற்றில் ஒன்றுக்கு அவள் ஆமாம் என்றாலோ, தனியாகப் பேசிச் சிரிப்பது, காரணமில்லாமல் எல்லோரையும் சந்தேகப்படுவது, படிப்பு சட்டென்று சரிவது, குளிக்கவும் சாப்பிடவும் அக்கறை இல்லாமல் ஒதுங்கிப்போவது, பிராணிகளையோ தம்பியையோ துன்புறுத்துவது என்று எது தெரிந்தாலோ, அந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கோயிலில் கயிறு கட்டுவதையோ தர்காவில் ஓதுவதையோ நான் தடுக்கவில்லை. மருத்துவரைப் பார்ப்பது அதனால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது. இவை எதுவும் இல்லையென்றால், மகனை அக்காவிடம் விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகக் கடைக்குப் போய்வரலாம்.

சந்தேகமாக இருந்தால் முதலில் 14416 என்ற எண்ணில் பேசுங்கள். அது டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இருப்பார்.