மோட்டார்ச் சக்கர நட்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

மோட்டார் வண்டி வாங்குவோருள் அதன் எஞ்சினைப் பற்றியும் பிரேக்கைப் பற்றியும் விசாரிப்பவர் பலர். சக்கரத்தை வண்டியோடு பிணிக்கும் சிறு நட்டைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே. வண்டியுடன் வந்த சக்கரங்களைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் அழகிய அலாய் சக்கரங்களைப் பூட்டிக்கொள்ளும் வழக்கம் இக்காலத்து நம் நகரங்களில் பெருகியுள்ளது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துச் சக்கரத்தை ஆராய்ந்து எடுப்பவரே, நட்டென்று வருங்கால், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததையோ நிறத்தாற் கண்ணைக் கவர்வதையோ யாதொரு வினாவுமின்றி ஏற்றுக்கொள்கின்றனர். ஓடும் வண்டியினின்று சக்கரம் கழன்று உருளுதற்கு இவ்வலட்சியமும் ஒரு காரணமாகும்.

முதற்கண் நட்டு செய்யும் தொழில் யாதென அறிதல் வேண்டும். சுவரிலடித்த ஆணி சட்டையைத் தாங்குவது போல, ஹப்பினின்று நீட்டி நிற்கும் மரையாணிகளே வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன என்பது பலருடைய எண்ணம். அஃது உண்மையன்று. நட்டை முறுக்குங்கால் மரையாணி இழுபட்டுச் சிறிது நீளுகின்றது. நீண்டது சுருங்க முயலுதலின், சக்கரம் ஹப்பின் முகத்தோடு இறுக அழுந்துகின்றது. அவ்வழுத்தத்தாற் பிறக்கும் உராய்வே சக்கரத்தை நழுவவொட்டாமல் நிறுத்துவது. 12 மில்லிமீட்டர் மரையாணியில், எண்ணெய் படாத நட்டை 100 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கினால், அஃது ஏறக்குறைய 4,000 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் சக்கரத்தை அழுத்தும். நான்கு நட்டுகளுக்கு இது 16,000 கிலோகிராமாகும். அதில் ஆறிலொரு பங்கு மட்டுமே உராய்வாகப் பயன்படினும், சிறிய கார் ஒன்றின் முழு எடையைக் காட்டிலும் இருமடங்கு ஒரே சக்கரத்திற் கிடைக்கின்றது. இவ்வழுத்தம் குறைந்தவிடத்துத்தான் சக்கரம் அசையத் தொடங்கி, மரையாணி ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்ந்து, முடிவில் முறிகின்றது.

இனி, அம்மரையாணி எவ்வளவு நீளுகின்றது என்று கணக்கிட்டால் வியப்பே உண்டாகும். இழுபடும் பகுதி 25 மில்லிமீட்டராயின், மேற்கூறிய விசையில் அது நீள்வது சுமார் 0.06 மில்லிமீட்டரே. நாம் எழுதும் தாளின் தடிப்பிலும் இது குறைவு. ஆதலின், நட்டு அமர்ந்திருக்கும் இடம் 0.03 மில்லிமீட்டர் அமுங்கினாலும் ஏறக்குறையப் பாதி அழுத்தம் போய்விடும். நட்டைத் தேர்ந்தெடுப்பதில் முதலிற் கவனிக்கவேண்டியது அதன் அமரிடமே என்பது இதனாற் பெறப்படும். நிறமும் பளபளப்பும் எவ்வளவோ பிற்பட்டவை.

அமரிடம் மூவகைப்படும். கடைகளில் விற்கும் அலாய் சக்கரங்களிற் பெரும்பாலன 60 பாகைக் கூம்பு வடிவினவாகத் துளைக்கப்பட்டிருக்கும். ஹோண்டா நிறுவனத்தாரின் சொந்தச் சக்கரங்களிலோ துளைவாய் கிண்ணம் போற் குழிந்து, உருண்ட முகமுள்ள நட்டையே ஏற்கும். டொயோட்டாவின் அலாய் சக்கரங்கள் பலவற்றில், நீண்ட கழுத்தும் தட்டையான வாஷரும் உடைய நட்டு வேண்டும். ஹோண்டா வண்டிக்கு வெளிச் சக்கரம் வாங்கியவர், பழைய நட்டுகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று அவற்றையே பூட்டுவாராயின், உருண்ட முகம் கூம்பில் ஒரு மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். முறுக்கும் கைக்கு எல்லாம் சரியாக இறுகியதாகவே தோன்றும். சில நாள் ஓட்டத்தில் அவ்வளையத்தின்கீழ் அலுமினியம் நசுங்க, அழுத்தம் தளர்ந்துவிடும். எனவே சக்கரம் விற்பவரிடம், "இதன் துளைவாய் எவ்வடிவினது?" என்பதையே முதற் கேள்வியாகக் கேட்டல் நன்று. விடை சொல்லத் தெரியாத கடையிற் சக்கரம் வாங்காதிருத்தலே என் கருத்து.

நிற்க, மரையின் அளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் உற்பத்தி செய்துவரும் ஹூண்டாயின் ஐ20 வண்டியையும், மாருதி சுசுகியின் ஸ்விப்ட் வண்டியையும் ஒப்பிடுவோம். இரண்டிலும் நான்கு மரையாணிகள் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. நடுத்துளையும் இரண்டிற்கும் 54.1 மில்லிமீட்டரே. ஆகவே ஒன்றின் சக்கரம் மற்றொன்றிற் பொருந்துதல் கூடும். மரையாணியின் பருமனும் இரண்டிலும் 12 மில்லிமீட்டர்தான். ஆனால் மரைக்கு மரை உள்ள இடைவெளி சுசுகியில் 1.25, ஹூண்டாயில் 1.5 மில்லிமீட்டர். ஒன்றின் நட்டு மற்றொன்றில் ஓரிரு சுற்று ஏறும், பிறகு சிக்கிக்கொள்ளும். அப்பொழுது காற்றழுத்தக் கருவியைக் கொண்டு அதனை அடக்க முயல்வோர் மரையை அழித்தே விடுவர். விரலால் இலேசாக ஏறாத நட்டைக் கருவியால் ஏற்றலாகாது. வோக்ஸ்வேகன் முதலிய ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் நட்டே இல்லை. ஹப்பினுள் புகும் போல்ட்டுகளே உள்ளன. அவற்றிற்கு அமரிடத்தோடு நீளமும் நோக்கத்தக்கது.

மரை எவ்வளவு பிடிக்கவேண்டும் என்பதற்கு எளிய கணக்கொன்றுண்டு: மரையாணியின் விட்டமளவாவது நட்டு உட்புகல் வேண்டும். 1.5 இடைவெளியாயின் 8 சுற்று, 1.25 ஆயின் ஏறக்குறைய 10 சுற்று. தடித்த அலாய் சக்கரம் மரையாணியின் நீளத்தை விழுங்கிவிடுதலும் உண்டாகையால், பூட்டும்போதே சுற்றுகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மூடிய தலையுடைய நட்டுகளில் இதற்கு மாறான ஆபத்து உளது. மரையாணி நீளமாகவும் நட்டின் குழி ஆழமற்றும் இருந்தால், ஆணியின் நுனி மூடியில் முட்டி நட்டு நின்றுவிடும். அளவுக்கருவி இறுகியதென்று காட்டும். சக்கரமோ தளர்ந்தே கிடக்கும்.

உலோகத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டுவதில்லை. அன்றாட வண்டிக்கு எஃகு நட்டே ஏற்றது. பல வண்ண அலுமினிய நட்டுகள் எடை குறைந்தனவேனும் மரை விரைவில் தேயும். மெல்லிய தகட்டைப் போர்த்திய நட்டுகளில் உள்ளே துரு ஏறித் தகடு உப்பிவிட, ஸ்பானர் பொருந்தாது போதலும் உண்டு.

நட்டும் மரையாணியும் உலர்ந்திருக்கையில் முறுக்கவேண்டும் என்பதே பொதுவிதி. எண்ணெய் பூசினால் அதே முறுக்கில் இழுவிசை மூன்றிலொரு பங்குவரை மிகுந்து, மரையாணி அளவுக்குமேல் நீளக்கூடும். எதிரெதிர் நட்டுகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, வண்டியின் கைப்புத்தகத்திற் குறித்த அளவை டார்க் ரெஞ்சால் முடிக்கவேண்டும். புதிய சக்கரம் அமரச் சிறிது ஓட்டம் வேண்டுமாகலின், 100 கிலோமீட்டர் அளவில் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும். கழற்றிய பழைய நட்டுகளைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாமல் வண்டியின் டிக்கியிலேயே வைத்திருக்க வேண்டும். ஏனெனில் அங்கேயுள்ள ஸ்டெப்னி பழைய அமரிடம் உடையது. நள்ளிரவில் டயர் பஞ்சரானால் புதிய கூம்பு நட்டுகள் அதற்குப் பொருந்தா. திருடரை அஞ்சிப் பூட்டு நட்டு போட்டிருப்போர் அதன் சாவியையும் அவற்றோடு வைப்பாராக.