கிடை போடும் பையன்

எங்கள் வயலில் ஆட்டுக்கிடை போட வந்தவர்களோடு பத்து வயதுப் பையன் ஒருவன், கையில் தொரட்டியோடு அலைகிறான். அவன் அப்பா முன்பணம் வாங்கிவிட்டாராம். சபையில் வேதத்திலிருந்து யோவேல் புத்தகம் வாசித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. நான் என்ன செய்வது?
- வாசகி, ஒரத்தநாடு

இன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள் அம்மா. எந்த வயல், எத்தனை நாள் கிடை என்று சொல்லுங்கள். 1976-ம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடன் செல்லாது. அவன் அப்பா ஒரு பைசாவும் திருப்பித் தர வேண்டாம். பையனை மீட்டதும் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தரும் விடுதலைச் சான்றை மட்டும் தவறாமல் வாங்கச் சொல்லுங்கள், மறுவாழ்வு உதவிக்கு அதுதான் ஆதாரம். 2018 கஜா புயல் அடித்த பிறகும் டெல்டாவில் இப்படி அடகு போன சிறுவன் ஒருவன் மீட்கப்பட்டான்.

பிள்ளைகளை விற்று மது குடித்தவர்கள்மேல் யோவேலிலும், ஒரு ஜோடி செருப்புக்கு ஏழையை விற்றவர்கள்மேல் ஆமோஸிலும் கர்த்தர் கொண்ட கோபம்தான் உங்களை உறங்கவிடவில்லை. அது நல்ல கோபம். ஆனால், கிடைக்காரரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். இரவோடிரவாகப் பையனை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.